மையில் தெரியாத அண்ணன்

விளக்கெண்ணெய்க் கரியின் வாசனை. அதோடு கொஞ்சம் கற்பூரம். வெளியே நல்ல வெயில், உள்ளே கதவைச் சாத்திய அறை... என் முகத்துக்கு நேராக ஒரு வெற்றிலை. அதன் நடுவில் கண்ணாடி போல மின்னும் கறுப்பு மை.

"உத்துப் பாரு. இன்னா தெரியுது, சொல்லு."

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. யுத்த காலம். தொண்ணூறைத் தாண்டிவிட்டேன், இன்னும் சில மதியங்களில் அந்த வாசனை எங்கிருந்தோ வந்து நிற்கிறது. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்லத் தோன்றியது.

நாங்கள் பட்டாபிராமில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அண்ணன் அந்தோணி பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து, சிங்கப்பூருக்குக் கப்பலேறினான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அதன் பிறகு சர்க்காரிடமிருந்து வந்த செய்தி ஒரே சொல்தான்... "காணவில்லை."

செத்தான் என்றும் இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை.

அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஜெபமாலையைத் தொடங்கி நடுவில் நிறுத்திவிடுவாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் கிளி ஜோசியம் என்றார், ஒருவர் தாயத்து என்றார். எங்கள் மாதா கோயிலுக்கு வரும் ஒரு அம்மாளே, "கனவுல பாத்தேன், வெள்ளை உடுப்புல நின்னுகினு இருந்தான்" என்று சொல்லி, அம்மாவைப் படுக்கையில் தள்ளிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா நல்ல மனுஷி. அம்மா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவளும் சொன்னாள்.

"மேரி, எத்தினி நாளிக்கு இப்டியே குந்திகினு இருப்ப? திருவேற்காட்டாண்ட ஒர்த்தரு மை போட்டுப் பாக்குறாரு. காணாப்போன எங்க மாட்ட அவருதான் கண்டுபுட்ச்சிக் குட்த்தாரு. கன்னிப் பொண்ணு கண்ணுக்குத்தான் மை காட்டுமாம். அதான் உம் பொண்ணு கீறாளே..."

அப்பாவுக்குத் தெரிந்தால் விடமாட்டார். அவர் டூட்டிக்குப் போனதும், கன்னியம்மா அக்கா வீட்டு மாட்டு வண்டியில் கிளம்பினோம். வழி முழுக்க அம்மா என் கையை விடவில்லை.

மைக்காரர் அதட்டிப் பேசுகிறவர் இல்லை. முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவர் பார்வை என் கழுத்துக்குப் போனது. முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் கோயில் சாமியார் போட்டுவிட்ட உத்தரியம் அங்கே இருந்தது... மாதா படம் தைத்த இரண்டு சின்னத் துணித் துண்டுகள், கயிற்றில் கோத்தது.

"வேதக்காரப் பொண்ணா? அது கழுத்துல கீற வரிக்கும் மை பேசாது. கயட்டிடு."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள். அவள் விரல்கள் சில்லென்று கழுத்தில் பட்டன. உத்தரியத்தைத் தலைவழியாக எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

மறுபடி குனிந்தேன்.

இந்தத் தடவை ஏதோ அசைந்தது. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விளக்குச் சுடராக இருக்கலாம். என் மூச்சாகவும் இருக்கலாம்.

"தொப்பி தெரியுதா? தண்ணியாண்ட நிக்கிறானா?" என்றார் மைக்காரர்.

அம்மா என் காதோரம் வந்தாள். "தெரியுதுன்னு சொல்லும்மா... என் கண்ணு இல்ல..."

ஒரே வார்த்தை. சொல்லிவிட்டால் அம்மா அன்றைக்கே வயிறாரச் சாப்பிடுவாள், எனக்குத் தெரியும். மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை.

"எம் மொகந்தான் தெரியுது" என்றேன்.

"நல்லாப் பாரு."

"அண்ணன் இல்ல. எம் மொகந்தான்."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

திரும்பும்போது வண்டியில், "கொயந்த பயந்துட்ச்சி மேரி, இன்னொரு நாளு வர்லாம்" என்றாள் கன்னியம்மா அக்கா. அம்மா இந்த முறை என் கையைப் பிடிக்கவில்லை. அம்மாவை நானே கொன்றுவிட்டதைப் போல இருந்தது எனக்கு.

ஆவடி நெருங்கும்போது மிலிட்டரி லாரிகள் எதிரே வரிசையாக வந்தன. வண்டி ஓரம் கட்டியது. அம்மா இறங்கி, புழுதியில் நின்று, ஒவ்வொரு டிரைவரின் முகமாகப் பார்த்தாள். எல்லாம் அண்ணன் வயதுப் பையன்கள். கடைசி லாரியும் போன பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து என்னிடம் வந்தாள். உத்தரியத்தை என் கழுத்தில் போட்டாள்.

"நீ தெரியுதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்டி. சாவுற வரிக்கும் அந்த மையைத்தான் நம்பிகினு இருந்திருப்பேன்."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் அவளே சொன்னாள். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். "என்னையும் கூப்ட்டிருந்தா வந்திருப்பேனோ இன்னாவோ..." என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

யுத்தம் முடிந்தது. சிங்கப்பூர் போனவர்கள் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. அந்த வருடக் கல்லறைத் திருநாளில் சாமியார் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், இறந்தவர்களோடு அந்தோணி பெயரையும் படிக்கட்டுமா என்று.

"செத்துட்டான்னு எனக்குத் தெரியாது சாமி. உசுரோட கீறான்னும் தெரியாது. அந்தோணின்னு மட்டும் படிங்க. எங்க கீறான்னு ஆண்டவருக்குத் தெரியும்."

இப்போது கனடாவில் இருக்கும் பேரன் ஒரு தடவை போன் எடுக்காவிட்டால் வீடே பதறுகிறது. ஒருவர் யூட்யூப் தீர்க்கதரிசியைப் போடுகிறார், இன்னொருவர் ஜாதகத்தை அனுப்புகிறார். நான் சிரிப்பதில்லை. யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும்... இந்த வயதிலும் என்னை அது முழுக்க விட்டுவிடவில்லை.

இந்த வருடமும் கல்லறைத் திருநாளுக்குப் பெயர் கொடுத்தேன். புதிதாக வந்திருக்கும் இளம் ஃபாதர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"எந்த வருஷம் இறந்தாரும்மா?"

"தெரியாது ஃபாதர். பேர மட்டும் படிங்க."

ஒரு நிமிடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். திருநாள் பூசையில் 'அந்தோணி' என்று மட்டும் படித்தார்.