ஸ்கூட்டர் பம்ப்பில் வந்த மூச்சு

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வாழவந்தியில் பேய் மழை. ஏற்காடு போகிற ரோட்டில் சில்வர் ஓக் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. போனும் செத்துக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்தா மகள் ஜெனிக்கு வீசிங் வர வேண்டும்?

பத்து வயது. ஆஸ்துமா. அவளுக்காகவே சேலத்தில் நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறோம் — மருந்தைப் பனி மாதிரி ஆக்கி மூச்சில் ஏற்றும் சின்ன மெஷின். அது இருக்கிற தைரியத்தில்தான் மழைக்காலத்தில் நான் தூங்குவதே. கரண்ட் போனால் அது வெறும் பெட்டி என்று ஒருநாளும் தோன்றவில்லையே... படித்து என்ன?

குழந்தையின் விலா உள்ளே இழுத்தது. உதடு வெளுத்தது. பேச்சு வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மெஷினின் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தேன்!

மனைவி ஸ்டெல்லாதான் கத்தினாள். "ஏனுங்க, அந்தப் பொட்டி என்னத்தத்தான் பண்ணுது? காத்துதானுங்களே ஊதுது? மருந்தப் பொகையாக்கறது இந்தக் கப்புதானுங்களே? காத்தடிக்கிற பம்ப்பு நம்ம ஊட்டுல இல்லீங்களா?"

இருந்தது. ஸ்கூட்டர் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்ப்!

அவளே அதைத் துடைத்தாள். வெறுமனே மிதித்துத் தூசியை வெளியேற்றினாள். முனையைக் கழற்றி, மருந்துக் கப்பின் ட்யூபைச் செருகி, துணியால் இறுக்கிக் கட்டினாள். நான் மிதித்தேன். ஒன்றுமில்லை. வெறி பிடித்தவன் போல மிதித்தேன் — ஜெனியின் முகத்து மாஸ்க்கில் வெள்ளையாய்ப் புகை!

பக்கத்து வீட்டுக்காரர், காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சார், பாப்பாவுக்குப் பஞ்சருங்களா?"

சிரிக்கிற நிலையிலா இருந்தேன்? "வந்து மிதிங்க ரைட்டரே!"

ஓடி வந்தார். மாற்றி மாற்றி மிதித்தோம். மருந்து தீர்ந்தபோது ஜெனியின் மூச்சு சீராகியிருந்தது. அவள் பேசிய முதல் வார்த்தை: "ரைட்டர் மாமா... காத்து போதுங்க. வெடிச்சுரப் போறேன்."

மரத்தை வெட்டி வழிவிட்டதும் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் டாக்டரிடம் ஓடினோம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தவர், "நொம்ப நல்ல வேலை பண்ணுனீங்க. கரண்ட் இல்லாத ஊர்ல கால் பம்ப்பு வச்சுத்தானுங்க இதக் குடுக்கறாங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள்... பம்ப் பழசு. காற்றின் வேகத்தில் தண்ணீரைச் சாரலாக்கும் வித்தையும் பழசு. சென்ட் பாட்டிலும் காபிச் செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் இதன் சொந்தபந்தங்கள். யாரோ ஒரு மோட்டாரைச் சேர்த்தார். நாம் நவீனம் என்கிறோம். எந்தப் புது மெஷினின் மூடியைக் கழற்றினாலும், உள்ளே முகம் தெரியாத யாரோ ஒருவர் நமக்காக முன்பே யோசித்து வைத்திருக்கிறார். அவர்கள் எல்லோருக்கும் ஒரு கும்பிடு!

வலது கெண்டைக்கால் இன்னும் வலிக்கிறது. ஸ்டெல்லா தைலம் எடுத்து வருகிறாள். வேண்டாம் என்கிறேன் — இந்த வலி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே!