பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதக் காலை. கல்குடாவிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஐம்பது வயது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவருக்குக் கட்டாரில் வேலை. மகள் கல்யாணமாகி வவுனியாவில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான்.

அந்த ஒரு வருடத்தில் என் உடம்பு எனக்கே பிடிபடாமல் போயிருந்தது. வயிறும் இடுப்பும் பெருத்துவிட்டன. திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும், வியர்த்து ஊற்றும், பிறகு குளிரும். நல்ல தூக்கம் கிடையாது. கோயிலில் ஒருத்தி, "என்ன, நல்லா ஊதிட்டீங்க? தனியக் கிடந்து சாப்பாடுதானோ?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதன்பிறகு கோயிலுக்குப் போகவே மனம் வரவில்லை. மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். மதியம் பசி தாங்காமல் இரண்டு பங்கு சோறு உள்ளே போகும். மகள் போன் எடுத்தால் "சுகமா இருக்கன்" என்பேன். கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

அன்றும் வெறும் வயிற்றோடுதான் கிளம்பினேன். இறுகிப்போன சாரிச் சட்டைகளைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றபோது ஓர் இளம்பெண் சட்டென்று எழுந்தாள்.

"அக்கா, நீங்க இரிங்க. இந்த நேரத்தில நிக்கக் கூடாது."

முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், அவள் பார்வை என் வயிற்றில் இருந்தது. அது கர்ப்பிணிகளுக்கான இருக்கை. அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து வெளியே பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது.

ஏறாவூர் தாண்டியதும் அந்தச் சூடு வந்தது. கண் இருண்டது. "புள்ளத்தாச்சிக்கு மயக்கம் வருது!" என்று யாரோ கத்தினார்கள். கொண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "பஸ்ஸ நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பஸ் முழுவதும் என்னையே பார்த்தது. ஆஸ்பத்திரியில் உண்மை தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்க நினைக்க இன்னும் வியர்த்தது.

பக்கத்து இருக்கையில் கவுன் போட்ட ஒரு பெண் இருந்தார். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி இனத்தவர், என் வயதுதான் இருக்கும். அதுவரை எங்களுக்குள் பேச்சில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வேணாம். இவ என்ட ஆள்தான். தன்னாமுனையில இறக்கி விடுங்க, நான் பாத்துக்கிறன்."

இறங்கி, வாவிக்கரையில் ஒரு மர நிழலில் உட்காரவைத்தார்.

"காலையில என்ன சாப்பிட்ட நீங்க?"

"ஒண்டும் இல்ல."

"மறுகா மயங்காம என்ன செய்யும்?" பையிலிருந்து வாழைப்பழம் எடுத்துத் தந்தார். நான் சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டார். "மாதவிலக்கு நிண்டுட்டா?"

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லை யாரிடமாவது சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்திருந்தது. அழுதுவிட்டேன்.

"எனக்கும் இதுதான். நெஞ்சு வருத்தம் எண்டு நினைச்சன். கூடப் பிறந்த எல்லாரும் ஆஸ்திரேலியாவில. செத்தா ஆக்கள் உள்ள வரவேணுமே எண்டு கதவைப் பூட்டாமப் படுத்தன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. "பட்டினி கிடக்காதீங்க. பொம்புளையளுக்கு கிளினிக் இருக்கு, கட்டாயம் போய்க் காட்டுங்க."

அடுத்த பஸ்ஸில் சேர்ந்தே நகருக்குப் போனோம். பஸ் நிலையத்தில் கையசைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் கூடியிருந்தது. நானாக அங்கே போயிருக்கவே மாட்டேன். சீனியும் தைராய்டும்கூடச் சோதித்தார்கள். இந்த வயதில் தசை குறைந்து வயிற்றில் கொழுப்புச் சேர்வது வழமை என்றும், பட்டினி கிடந்தால் தசைதான் இன்னும் கரையும் என்றும் டொக்டர் விளக்கினார். சோற்றைக் குறைத்து மீனும் பருப்பும் கீரையும் கூட்டினேன். தேநீரில் சீனியை விட்டேன். காலையில் கடற்கரையில் வேகமாக நடக்கிறேன். உடம்பு கொஞ்சம்தான் இறங்கியது. சூடு இப்போதும் வரும், ஆனால் பயமில்லை. கணவரிடமும் சொல்லிவிட்டேன். "ஏன் முதலே சொல்லல்ல?" என்றார். போனை வைத்ததும் வீடு பழையபடி அமைதியாகிவிட்டது.

அந்தப் பெண்ணை மறுபடி நான் காணவே இல்லை. இப்போது கூட்டத்தில் என் வயதுப் பெண் யாராவது முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றால், பக்கத்தில் போய் என்ன செய்கிறது என்று கேட்டுவிடுகிறேன்; அப்படி ஒருவர் வந்து கேட்கமாட்டாரா என்று காத்திருப்பது எவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியும்.