கரைச்சிங்கத்தின் ஈயமணிகள்

என் மருமகன் ஷைஜுவுக்குக் கடல் ஆகாது. கடியப்பட்டணத்துக் கரையில் பிறந்தவன்தான். அப்பன், பாட்டன் எல்லோரும் வலைக்காரர்கள்தான். ஆனால் இவன் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும், கயிறு அவிழ்க்கும் முன்பே காலையில் குடித்த கஞ்சி வெளியே வந்துவிடும். கடைசியாக ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இவனக் கரையில இறக்குங்கலே, மீனெல்லாம் பயந்து ஓடுது" என்று அவன் அப்பனே சொன்னாராம்.

கரையில் இறங்கியவன் நாகர்கோவிலில் ஏசி வேலை படித்தான். படித்து முடித்துக் குவைத்துக்கு வந்தான். என் மகள் டெல்சி இங்கே நர்ஸ். அவள் டூட்டி பார்த்த வார்டில் ஏசி சொட்டுகிறது என்று வந்தவன், மூன்று நாள் வந்து சரி செய்தான். ஒரு நாள் வேலைதான் அது என்று எனக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரியும். இப்போது நாங்கள் இருக்கும் அப்பாசியாவில் ஏசி படுத்துக்கொண்ட வீட்டில் எல்லாம் இவன் பேர்தான் முதலில் வரும். நல்ல பிள்ளை. நான் விசிட் விசாவில் வந்து இறங்கிய அன்றே என் கட்டிலுக்கு நேராக ஒரு ஏசியை மாட்டி வைத்திருந்தான். அன்பு அது. அந்த அன்பில் எனக்கு மூட்டு மூட்டாக வலித்தது.

எனக்கு ஒரு மகனும் உண்டு, ரெனீஷ். இங்கேயே ஃபஹாஹீல் கடற்கரையில் ஒரு அரபியின் மீன்பிடி போட்டில் வேலை. டெல்சிக்கு இளையவன், வாய் மட்டும் மூத்தது. அவன்தான் ஷைஜுவுக்குக் 'கரைச்சிங்கம்' என்று பேர் வைத்தவன். இங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் ஊர்க்காரர்கள் நிற்கும்போது, "கரைச்சிங்கம் அத்தான்! சுகமா?" என்று அங்கிருந்தே கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். ஷைஜுவும் சிரிப்பான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவன் இரண்டாம் தடவை சோறு வாங்கமாட்டான். அதைக் கவனித்தது நான் மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் ரெனீஷ் கடையில் வாங்கிய வீச்சு வலையைத் திட்டிக்கொண்டிருந்தான். "கோணலா விழுது. பாதி மீனு சிரிச்சிட்டே போவுது."

"நான் கட்டித் தாறேன்" என்றான் ஷைஜு.

ரெனீஷுக்கு மீன்முள் தொண்டையில் சிக்காதது ஆண்டவர் கிருபை. "நீங்களா? வலைன்னா என்னன்னு தெரியுமா அத்தான்? ஏசிக்கு முன்னால இருக்க சல்லடைன்னு நினைச்சீங்களா?"

"என் வயித்துக்குத்தான்லே கடல் ஆகாது. கைக்கு என்ன?"

"சரி. வட்டமா விழுந்தா அந்தப் பேர நான் இனி எடுக்கல. கோணலா விழுந்தா கிறிஸ்மஸ் விருந்துல மைக்கப் புடிச்சுச் சொல்லுவேன்."

"சொல்லு" என்றான் ஷைஜு. டெல்சி அவன் காலை மிதித்தாள். நேரம் கடந்துவிட்டது.

நூலில் முடிச்சுப் போட்டு வலை முடிவது அவனுக்குப் பெரிய பாடில்லை. சின்ன வயதில் வள்ளத்தில் ஏற முடியாதவனைக் கரையில் உட்கார்த்தி வலைதானே முடிய வைத்தார்கள். பாடு எல்லாம் ஈயமணியில்தான். வலையின் விளிம்பைச் சுற்றி ஈயமணி கோர்ப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரே எடை இருக்கவேண்டும். ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கம் முந்தி விழும், வலை மடிந்த அப்பளம் மாதிரி இறங்கும்.

டயர் கடையில் தூக்கிப் போடும் ஈயக்கட்டிகளை வாங்கி வந்தான். அடுப்பங்கரைக்குள் கொண்டுவந்தால் ஈயத்தோடு சேர்த்து ஆளையும் வெளியே எறிவேன் என்று டெல்சி சொன்னதால் மொட்டை மாடிக்கு ஏறினான். முகத்துக்கு மாஸ்க், கைக்குத் தோல் உறை, அதுவும் அவள் உத்தரவுதான். புகையைப் பார்த்துக் கட்டடத்துக் காவல்கார ஹாரிஸ் ஓடிவந்தார். அவர் அறையின் ஏசியைக் காசு வாங்காமல் ஓட்டிக்கொடுத்தவன் ஷைஜு என்பதால், "யல்லா, சீக்கிரம் முடி" என்று திரும்பிப் போய்விட்டார்.

குழாய் ஒட்டும் டார்ச்சால் ஈயத்தை உருக்கினான். அலுமினியக் கட்டியில் துளை போட்டு அவனே செய்த அச்சில் ஊற்றினான். முதலில் வந்தவை கிழவி முகம் மாதிரி சுருங்கி, எடை குறைந்து இருந்தன. என்னைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னான். அச்சு குளிர்ந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அதையும் டார்ச்சில் சூடாக்கினான். மேலே மிதக்கும் அழுக்கை வழித்தான். கட்டிகளைத் தனித்தனியாக உருக்காமல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கினான். ஒரே கரண்டி, ஒரே வேகம், நிறுத்தாமல் ஊற்று. மணிகள் வழவழவென்று வந்தன. பார்க்க எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பிறகு கீழே கொண்டுவந்து, என் அறை மேசையில், நகைக்கடைத் தராசு மாதிரிக் குட்டித் தராசு ஒன்றில் நிறுத்தான். மாடியில் வெந்தவனுக்கு ஏசிக்கு நேராக உட்கார்ந்தால்தான் உயிர் வந்தது. எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஆனாலும் தராசில் எரியும் எண்ணில் ஒரு கம்பும் ஒரு வாத்தும் தெரிந்தால் சரியான எடை, வேறு எது தெரிந்தாலும் தப்பு என்று அவன் முகத்தைப் பார்த்தே படித்துக்கொண்டேன். பாதி மணிகளுக்கு வாத்து வரவில்லை. கவிழ்த்த நாற்காலி மாதிரி ஏதோ வந்தது. தப்பானதைத் தனியே போட்டு, மறுபடி மாடி, மறுபடி உருக்கு. அடுத்த வாரமும் இதே கதை. பையன் வாடிவிட்டான்.

எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம், தள்ளிவைத்த மணி ஒன்றை எடுத்து நிறுக்காத குவியலில் போட்டேன். வந்தான், நிறுத்தான். வாத்து! சந்தோஷமாக நல்ல கூட்டத்தில் சேர்த்தான். அடுத்து நல்ல மணி ஒன்றைத் திருப்பிப் போட்டேன். நாற்காலி! "சே" என்று எறிந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் செபமாலையை எடுத்து வாய்க்குள் முணுமுணுத்தேன். மாமி தனக்காகச் செபிக்கிறார் என்று நினைத்து அவன் கண் கலங்கியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை குளிர் தாங்கவில்லை. ரிமோட்டைப் பிடுங்கி ஏசியை அணைத்துவிட்டு, ரிமோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"மாமி, வேர்க்குது."

"வேர்க்கட்டு. உனக்கு வேர்வை, எனக்கு நிமோனியாவா?"

மாமியாரைத் தூக்கி ரிமோட் எடுக்க எந்த மருமகனுக்கும் தைரியம் வராது. வேர்த்து ஒழுக நிறுத்தான். கம்பு, வாத்து. கம்பு, வாத்து. தள்ளிப்போட்டதை எல்லாம் எடுத்து நிறுத்தான். அங்கேயும் வாத்துக் கூட்டம்! அப்படியே தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தான்.

"மாமி, அதப் போடுங்க."

போட்டேன். மணி தராசிலேயே இருந்தது. ஏசியின் வாயில் மேலும் கீழும் ஆடும் தகடு கீழே இறங்கிக் காற்று மேசையில் அடித்தது. வாத்து நாற்காலி ஆனது. தகடு மேலே போனது. நாற்காலி வாத்து ஆனது. தராசை அமுக்கிக்கொண்டிருந்தது காற்று. ஈயத்தில் ஒரு குறையும் இல்லை.

ஷைஜு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "மாமி, நான் ஏசி மெக்கானிக்காக்கும்."

"அதத்தான் மக்களே நானும் நினைச்சேன்."

"ரெனீஷுக்குத் தெரிஞ்சா மைக்கே வேண்டாம், கடல்ல இருந்தே கத்துவான்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? ரிமோட் என் கையில இருக்க வரைக்கும் என் வாய் பூட்டு."

கை கொடுத்தான். நானும் கொடுத்தேன்.

வலை முடிந்தது. ஃபஹாஹீல் கரையில் ரெனீஷ் கயிற்றைப் பல்லில் கடித்து, வலையைத் தோளில் ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி வீசினான். டெல்சி சுடும் சப்பாத்தி ஒன்றுகூட அவ்வளவு வட்டமாக வந்ததில்லை. மணிகள் சடசடவென்று விழவில்லை. ஒரே ஒரு 'சளப்'. ரெனீஷ் வலையை இழுத்தான். மறுபடி வீசினான். மறுபடி ஒரே சத்தம். மீன் ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"எப்படி அத்தான் இவ்வளவு சரியா வார்த்தீங்க?"

"பொறுமைலே" என்றான் ஷைஜு, கடலைப் பார்த்துக்கொண்டு.

நான் இருமினேன். அவசரமாக எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் முற்றத்தில், "ஷைஜு அத்தான், சுகமா?" என்று மட்டும்தான் சத்தம் வந்தது. மத்தியானம் அவன் மூன்று தடவை சோறு வாங்கினான். எனக்கு மனசு நிறைந்துபோனது.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் போன வாரம் என் அறைக்குப் புது ஏசி மாட்டினான். நான் ரிமோட்டைத் தேடினேன். "இதுக்கு ரிமோட்டே கிடையாது மாமி, போன்லயே ஓட்டலாம்" என்று தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தான்.

எழுது பிள்ளை, நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. எழுதியதை ரெனீஷுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள். கிறிஸ்மஸ் விருந்துக்கு முன்னால் காட்டினால் நல்லது.