ஆல்பத்துக்கு வந்த அப்பா

வராத ஆட்களையும் விசேஷத்துக்கு வரவழைத்துவிடுவார் என்று எங்கள் தெரு ஸ்டுடியோக்காரரைப் பற்றி ஒரு பேச்சு. கண் காது வைத்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து விசாரிக்கப் போனேன். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முப்பத்தைந்து வருடமாக அதுதான் பிழைப்பு. கோபித்துக்கொண்டு போன மாமாவோ, செத்துப்போன மாமியாரோ, ஒரு பாஸ்போர்ட் போட்டோ கொடுத்தால் போதும், குடும்பப் படத்தில் நிற்கவைத்துவிடுவார். அப்போது பிளேடும் பசையும், இப்போது கம்ப்யூட்டர். மூடிய கண்ணைத் திறந்துவிடுவது இலவசம். ஒட்டி முடித்ததும் அசலைக் கிழித்துப் போடுவது தொழில் தர்மம். தன் கல்யாணப் படத்தில் அவர் சிரிப்பது நிஜமா என்று மனைவிக்கே இன்னும் சந்தேகம்.

நான் போயிருந்தபோது ஒரு பெண் ஆல்பத்தோடு வந்தாள். அவளுடைய ஏழாவது பிறந்தநாள் படங்கள், எடுத்தவர் இவர்தான். அதற்கு முந்தைய வருடமே அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். ஆனால் படத்தில் அவள் தோளில் கைவைத்து நிற்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மகளைப் பார்க்க வேண்டுமாம். அன்று அவர் நிஜமாகவே வந்திருந்தால் போவாள், இல்லையென்றால் மாட்டாள். இறந்துபோன அம்மாதான் ஒட்டச் சொன்னாள் என்று சித்தி சொல்கிறாள். மாமாவோ, அப்பா வந்தார் என்று சாதிக்கிறார்; வீடியோவே சாட்சியாம். போட்டுப் பார்த்தோம். எல்லாரும் கைதட்ட, அப்பா மட்டும் ஐந்து விநாடி இமைக்காமல் நிற்கிறார். அந்த ஆள் எப்போதும் அப்படித்தான் நிற்பார் என்றாராம் மாமா.

உனக்கே ஞாபகமில்லையா என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

"கை வச்ச பாரம்கூட இருக்குய்யா. ஆனா எந்தத் தோள்னு கேட்டா, ஆல்பத்தைப் பார்த்துதான் சொல்ல முடியுது."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அப்பாவின் நிழலைப் பார்த்தார், காதோரம் பார்த்தார், படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"வெட்டு தெரியலம்மா. நிஜமாவும் இருக்கலாம். என் வேலையாவும் இருக்கலாம்."

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள். அது அவருக்கும் தெரியும். இத்தனை பேரை ஒட்டித் தந்தவருக்கு ஏனோ தலையாட்ட வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

இன்று நாலாவது நாள். படம் இன்னும் அவர் மேஜையில்தான். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் ஐந்து மணி வரை என்று நினைவூட்டிவிட்டு அவள் முன்னறை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். பதில் பாக்கி.