பின்னால் பார்த்த பீரங்கி

எழுபதுகளின் கடைசியில் ஒரு சுதந்திர தினத்தன்று எங்கள் போடித் தெருவில் பனைமரப் பீரங்கி ஒன்று ஊர்வலம் போனது. கடைசிவரை அதை விட்டு இறங்காததற்காகப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். நான் இறங்கத்தான் பார்த்தேன் என்பதை இப்போதுதான் சொல்கிறேன்.

பீரங்கியைச் செய்தவர் மாமா. பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து, போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். யார் பேசினாலும், "முகத்தப் பாத்துப் பேசு" என்பார். பட்டாளத்து ஒழுங்கு என்று வீடே அவர் முன்னால் வந்து நின்று பேசும்.

பனந்துண்டைக் குடைந்து குழாய், மாட்டுவண்டிச் சக்கரம் இரண்டு, பின்னால் நீளமாய் இரண்டு மரக்கால்கள். கால் நுனியில் மண்வெட்டித் தகடு. சுட்டதும் பீரங்கி பின்னால் உதைக்கும், தகடு மண்ணில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்றார். இழுத்துப்போகும்போது கால்களைச் சேர்த்து ஜீப்பில் மாட்டுவதால் குழாய் பின்பக்கம் பார்க்கும். எனக்கு அது பெரிய அவமானம்.

"எதிரி முன்னாடில்ல இருப்பான் மாமா?"

"அங்க போயித் திருப்பிக்கிருவோம் மாப்ளே. நீ எறங்காம உக்காரு. அதான் ஒன் சோலி."

பாதித் தெருவில் அழுதுகொண்டு இறங்கிவிடுவேன் என்று வகுப்பில் பந்தயமே கட்டியிருந்தார்கள். செத்தாலும் இறங்குவதில்லை என்ற வீம்போடு காக்கிச் சட்டை போட்டு ஏறினேன்.

மேட்டுத் தெருவில் கொக்கி கழன்றது. ஜீப்பு மேலே போனது, நான் கீழே. பனங்குழாயின் பாரத்தில் மரக்கால்கள் அந்தரத்தில் தூக்கிக்கொள்ள, பீரங்கி சரிவில் உருண்டது. பின்னால் வந்த பிள்ளைகள் சிதறினார்கள். கொடி பிடித்த என் தங்கை மட்டும் நகரவில்லை. வரிசை கலையக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"மாமா" என்று நாலு தடவை கத்தினேன். ஜீப்பு நிற்கவில்லை. சுடும்போது சத்தம் காதில் அறையாமல் இருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

அப்புறம் மாமாவிடமே ஓடிவிடுவதென்று தீர்மானித்து, மரக்கால்கள் மேல் தவழ்ந்தேன். நுனியை எட்டியதும் என் பாரத்தில் கால்கள் படாரென்று இறங்கின. தகடு தெருவைக் கீறிக்கொண்டு போய்ப் பிடித்தது. குழாயின் வாய் தங்கையின் கொடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டான் என்று தெருவே கைதட்டியது. தங்கை மட்டும் கேட்டாள்: "அண்ணே, நீ எதுக்கு அழுதுக்கிட்டே அந்தப் பக்கமா போன?"

யாரோ ஜீப்புக்கு முன்னால் போய் மறித்த பிறகுதான் மாமா திரும்பிப் பார்த்து ஓடிவந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "கூப்பிடக் கூப்பிடப் போறீகளே" என்றேன். தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"முகத்தப் பாத்துப் பேசு மாப்ளே."

இந்த நேரத்திலுமா பட்டாளத்து ஒழுங்கு என்று ஒரு மாசம் நான் அவரோடு பேசவில்லை. பீரங்கி எதிரே நிற்பவனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்காய்ப் பக்கத்தில் நின்று சுட்டவரின் காதுகளை என்ன செய்யும் என்று தெரியவில்லை.