பித்தளைக் காப்பில் ஒரு வெட்டு

மர்பி டவுன் வீட்டை இடிக்கக் கொடுத்தபோது பரணில் ஒரு வாள் கிடைத்தது. பட்டாளத்தோடு ஜாவாவுக்குச் சண்டைக்குப் போன தாத்தா அங்கே ஆசைப்பட்டு வாங்கியது என்று அப்பா சொல்லியிருக்கிறார். "லைசென்ஸ் இல்லன்னா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் பயத்தைக் கிளப்பிவிட்டார். போர்வையில் சுற்றி ஆட்டோவில் சிவாஜிநகர் போனேன். சிக்னலில் ஒரு கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தபோது போர்வையை மடியோடு இழுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு கடைக்காரர், பழைய ஆயுதங்களைப் பார்த்து அடையாளம் சொல்பவர். ஒல்லியான உடம்பு, மருதாணி இட்ட தாடி. வாளைத் தொடுமுன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா, மியூசியத்துக்கு எழுதிக் குடுத்துடலாம். பிடிக்கிற கையைச் சுத்தி இந்தப் பித்தளைக் காப்பு இருக்குல்ல, இது டச்சுக்காரன் கத்தியப் பார்த்துச் செஞ்சது. அலகு மட்டும் அந்த ஊர்க் கொல்லன் அடிச்சது. ஜாவாதான், டவுட்டே இல்ல."

எனக்கு உயிர் வந்தது. அப்போது அவர் விரல் காப்பில் ஓரிடத்தில் நின்றது. பித்தளையைப் பிளந்து கொம்புப் பிடிவரை ஒரு வெட்டு இறங்கியிருந்தது.

"உங்க தாத்தாவுக்கு விரலெல்லாம் இருந்துச்சா?"

"பத்தும் இருந்துச்சுங்க."

"சண்டையில இதப் பிடிச்சிருந்தவனுக்கு இருந்திருக்காதும்மா. காசு குடுத்து வாங்கின பொருள் இல்ல இது."

தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

மியூசியத்துக்கான மனுவை அவரே எழுதினார். எப்படிக் கிடைத்தது என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். "தெரியாது" என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பொய் என்று தெரிந்தும் போட்டது என்மேல் இரக்கமா, இல்லை உண்மையை எழுதினால் கேஸ் ஆகிவிடும் என்று அவருக்கும் பயமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.