மீசையோடு வந்த சாட்சி

என் அக்கா செல்வாம்பாளின் கணவர் ஜானகிராமன் பந்தல் போடுகிறவர். எங்கள் உப்பளம் பகுதியில் அவருடைய மீசையைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் அதற்கு எண்ணெய் போட்டுவிடுவார். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது நானே அந்த மீசையின் பெருமையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தவளக்குப்பத்தில் கலைவாணி என்கிற ஆசிரியையின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். பெரிய மீசைக்காரன் என்று அவர் சொல்ல, ராஜா என்ற வேன் டிரைவரைப் பிடித்தார்கள். பிறகு சிறைக்குள் அடையாள அணிவகுப்பு. பிடிபட்டவரை அவரைப் போலவே இருக்கும் சிலரோடு வரிசையில் நிறுத்தி, சம்பவத்தைப் பார்த்தவரிடம் ஆளைத் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். அதற்கு மீசை தேடி வந்த போலீஸ்காரர்கள் மாமாவைக் கூப்பிட்டார்கள். மனிதர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

கலைவாணி ராஜாவைத் தாண்டி வந்தார். மாமாவின் தோளைத் தொட்டார்.

"இவர்தான். சந்தேகமே இல்ல."

மாமா மேல் வழக்கு எதுவும் வரவில்லை. சங்கிலி போன நேரத்தில் அவர் சாரம் பகுதியில் ஒரு மொட்டை மாடியில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஊர் வாய் அதையெல்லாம் விசாரிக்குமா? பந்தல்காரர் என்றால் நகையும் பட்டும் கிடக்கிற கல்யாண வீட்டில் எந்த அறைக்குள்ளும் போய் வருகிறவர். திருட்டுப் பேச்சு ஒட்டிக்கொண்டால் பிழைப்பு போய்விடும். அதனால் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு நாள் பேசாமல் சலூனில் போய் உட்கார்ந்து, "வழிச்சிடுப்பா" என்றார். முடி வெட்டிக்கொள்ள வந்திருந்த நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரம் பார்த்து ராஜாவின் வக்கீல் சிவசங்கரி உள்ளே வந்தார். வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"மீசைய எடுத்துடாதீங்க சார். அதோடவே கோர்ட்டுக்கு வரணும்."

அதற்குப் பிறகுதான் எனக்கே எல்லாம் தெரிந்தது. ராஜாவின் படம் செல்போன்களில் சுற்றியிருக்கிறது. அதைப் பலமுறை பார்த்த கலைவாணி, கோர்ட்டில் ராஜாவைக் காட்டி, இவன்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அணிவகுப்பு அன்று அவரை அழைத்து வந்த போலீஸ்காரர் வாசலிலேயே, "ஆளு உள்ளதான் நிக்கறான், பாத்துத் தொடும்மா" என்று சொன்னது வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்திருக்கிறது. ராஜா சொன்னால் யார் நம்புவார்கள்?

"ஆளு உள்ள இருக்கான்னு சொல்லிட்டா, உள்ளதுல யாரு முகம் கிட்டத்துல ஒத்துப்போவுதோ அவங்கள தொட்டுடுவாங்க" என்றார் சிவசங்கரி. "அவங்க பொய் சொல்லல சார். மனசு அப்படித்தான் வேல செய்யுதுன்னு ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க. அத சொல்ல மனோதத்துவப் பேராசிரியர் வராரு. வாசல்ல கேட்டத நீங்கதான் சொல்லணும்."

"பேப்பர்ல வந்துச்சுன்னா எவன் எனக்குப் பந்தல் குடுப்பான்?" என்றார் மாமா.

"நமக்கு எதுக்கு மாமா வம்பு?" என்று நானும் ஒத்து ஊதினேன்.

விஷயம் அக்காவுக்குப் போனது. தன்னிடம் மறைத்ததற்கு முதலில் ஒரு பாட்டம் திட்டினாள். அப்புறம் சொன்னாள்: "உங்கள தொட்ட கைதானே அந்தப் புள்ளயயும் காட்டிச்சு? நீங்க வூட்டுக்கு வந்துட்டீங்க. அவன் எப்ப வருவான்?"

மாமா மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். தன்னைத் திருடன் என்று தொட்டதையும், வாசலில் கேட்டதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னார். பேராசிரியரும் ஆராய்ச்சிகளை விளக்கினார். நீதிபதி கலைவாணியை மறுபடி கூண்டுக்கு அழைத்தார்.

"அன்னிக்கு இவரைத் தொட்டப்போ எவ்வளவு உறுதியா இருந்தீங்க?"

கலைவாணி மாமாவை வெகுநேரம் பார்த்தார். நேர்மையான பெண்மணி.

"இன்னிக்கு ராஜாவச் சொல்றப்போ எவ்வளவு உறுதியோ, அதே அளவுதான் சார்."

சொன்னதும் அவருக்கே புரிந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ராஜா விடுதலையானார். சாட்சியின் உறுதி மட்டுமே ஆதாரமாகாது, தேடும் ஆள் வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்பதைச் சாட்சியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அதில் மாமாவின் பெயரும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். இரண்டு கல்யாணப் பந்தல்கள் கைவிட்டுப் போனதும் உண்மைதான்.

போன மாதம் வேறொரு வழக்குக்காக மறுபடியும் மீசை தேடி வந்தார்கள். பட்டது போதாதா என்று கத்தினேன். இஸ்திரி சட்டையோடு கிளம்பிவிட்டார்.

அடையாளம் காட்ட வந்த பெரியவரிடம் மாஜிஸ்திரேட், "நீங்க பாத்த ஆள் இதுல இல்லாமலும் இருக்கலாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க" என்றாராம். பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, மாமாவின் எதிரில் கொஞ்சம் நின்று, "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"செல்வா, இன்னிக்கு யாரையும் தொடல" என்றார்.